'சீலி'யைத் தேட உதவியவர்களுக்கு

ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய சேவல் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நரி சேவலைக் கவ்விக்கொண்டு ஓட, கோழிகளின் அலறல் கேட்டு ஒரு விதவையும் இரண்டு மகள்களும் வாசலுக்கு ஓடிவருகிறார்கள். அவளை 'சீலி' என்கிறார் சாசர். இன்றைய 'சில்லி'தானே (மிளகாய் இல்லை, அசடு) என்று நினைத்து 'அசட்டு விதவை' என்று எழுதிவிட்டேன்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'இவள் என்ன அசட்டுத்தனம் செய்தாள்?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்த என் ஆங்கில ஆசிரியருக்கு முதல் நன்றி. என்னிடம் பதில் இல்லை சார்.

மூடும் நேரம் தாண்டியும் ஆக்ஸ்போர்டு அகராதியின் தடித்த தொகுதியை எடுத்துக் கொடுத்துக் காத்திருந்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி. அந்த அரைமணி நேரத்தில்தான் விஷயம் புரிந்தது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் மகிழ்ச்சியானவர், பேறு பெற்றவர். பேறு பெற்றவர் பக்திமான், பக்திமான் கள்ளமில்லாதவர், கள்ளமில்லாதவரை ஊர் ஏமாற்றும், ஆகவே இரங்கத்தக்கவர், பலவீனர். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முட்டாள் என்றே ஆகிவிட்டார். கடவுள் அருளில் தொடங்கி இப்படியா வந்து நிற்க வேண்டும்! ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் மட்டும் நல்ல தேவதைகளுக்கு இன்னமும் 'சீலி' என்றே பெயர்.

ஜெர்மனியில் இருக்கும் நண்பன் நடுராத்திரியில் போன் செய்து சொன்னதை மறக்க முடியாது. இதே சொல்லின் உடன்பிறப்பான 'ஸேலிக்' அங்கே கௌரவம் குறையாமல் இருக்கிறதாம். மலைப்பிரசங்கத்தில் தமிழ் பைபிள் 'பாக்கியவான்கள்' என்னும் இடத்தில் பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்த்த லூதர் போட்டது அதைத்தான். இறந்துபோன அப்பாவைச் சொல்லும்போதும் அது வரும், நம் 'அமரர்' மாதிரி. நன்றிடா, தூக்கம் போனாலும் பரவாயில்லை.

கடைசியாக என் மனைவி. இந்தக் கதையை எத்தனையாவது முறையாகவோ கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கியவள், "பாவம் அந்தப் பொம்பளை, சேவலும் போச்சு" என்றாள். சரி, கிடைத்துவிட்டது! பாவம் என்ற சொல்லே குற்றத்தில் தொடங்கி இரக்கத்துக்கு வந்து சேர்ந்ததுதானே. எதிர்த்திசைப் பயணம், ஆனால் இரண்டும் சந்திக்கும் இடம் இந்த விதவை.

'பாவம், அந்த விதவை' என்று திருத்திய பக்கம் ஆசிரியரிடம் மறுபடி போயிருக்கிறது. பென்சிலைச் சீவி வைத்திருப்பார்.