கழுத்துக்கு முன்பக்க எக்ஸ்ரே: மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் அண்மையில் நடந்த எலும்பு, மூட்டு முகாமில், கை மரத்துப்போகிறது என்று வந்த பெண்கள் எல்லோருக்கும் சீட்டில் ‘கழுத்துத் தேய்மானம்’ என்றே எழுதி, காலரும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் 25 வயது நிரம்பாதவர்களும் உண்டு. அந்த வயதில் தேய்மானம் என்று எழுதுமுன் வேறு காரணம் தேட வேண்டாமா?

அப்படி ஒரு காரணம் ‘கழுத்து விலா’. ஏழாவது கழுத்து முள்ளெலும்பிலிருந்து பிறவியிலேயே கூடுதல் விலா எலும்பு முளைத்திருப்பது நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான், பெண்களிடம் கூடுதல். பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் தொந்தரவு இராது. தொந்தரவு தந்தால், கைக்குப் போகும் நரம்பையோ ரத்தக்குழாயையோ நெரிக்கும். சுண்டுவிரல், மோதிரவிரல், முன்கையின் உள்பக்கம் மரக்கும். மணிக்கட்டில் நடுநரம்பு அழுந்தினாலோ சுண்டுவிரல் தப்பிவிடும். எந்த விரல் என்று கேட்டிருந்தாலே பாதி விளங்கியிருக்கும்.

கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஓலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் பின்னல் இறுகும். நரம்பு நெரிபட நெரிபடக் கட்டைவிரலின் அடிமேடு வற்றிக் குழிந்துவிடும். ஓலை நழுவும், பின்னல் தளரும், கொட்டான் விலைபோகாது. காலர் போட்டுக் காத்திருந்த மாதங்களில் வற்றிய சதை, பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை. வலி குறையும், பிடி வராது. எங்களுக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கை மரப்பு என்று வருகிறவருக்குக் கழுத்தை முன்பக்கமாக ஒரு எக்ஸ்ரே எடுங்கள். பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது, தோளின் நிழல் ஏழாவது எலும்பை மறைத்துவிடும். கீழே வெட்டுப்படாமல் முதல் மார்பு முள்ளெலும்பும் படத்தில் விழ வேண்டும். முள்ளெலும்பின் பக்க நீட்சி கீழ்நோக்கிச் சாய்ந்தால் அது கழுத்து முள்ளெலும்பு, மேல்நோக்கினால் மார்பு முள்ளெலும்பு என்று எண்ணிக்கொள்ளலாம். விலா குட்டைதானே என்று விட்டுவிடவும் கூடாது. அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஓடும் நார்ப்பட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. பல நேரம் நரம்பை அழுத்துவது அதுதான்.

இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள், ரத்தக்குழாய் நெரிபட்ட கையில் குறைத்துக் காட்டலாம். கைகளைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கையை மடக்கி, 3 நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொல்லுங்கள். முடியாமல் கை சோர்ந்து விழுந்தால் சந்தேகப்படலாம். விரல் நுனி வெளுத்துக் குளிர்ந்தால், கறுத்தால், நெரிபட்ட குழாயில் உறைந்த ரத்தம் துணுக்குகளாக விரலுக்கு இறங்கியிருக்கலாம். அவரை அன்றைக்கே டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குத்தான் மேலே போகிறது. எத்தனை பேருக்கு நோய் சரியாகப் பிடிபட்டது என்று யாரும் கேட்பதில்லை. எக்ஸ்ரே வசதி இல்லாமல் எலும்பு முகாம் நடத்துவது மக்களை ஏமாற்றுவது. கடுமையாகச் சொல்லிவிட்டோம், பொறுத்தருளுங்கள்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் பிரஷர் கருவியோடு வீடு வீடாகப் போகிறார்கள். கை மரப்பு என்று சொல்பவருக்கு மறு கையிலும் பார்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். முகாம் பதிவேட்டில் அந்தப் பெண்களின் முகவரி இருக்கும். தயவுசெய்து அவர்களைத் திரும்ப அழைத்து, அந்த முன்பக்கப் படத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார இயன்முறை மருத்துவர்கள், எக்ஸ்ரே நுட்பநர்கள் சிலர்