பற்றரியைப் பிறகு பூட்டலாம் என்று இருப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்கள் ஒழுங்கையில் அண்மையில் மூன்று வீட்டுக் கூரைகளில் சோலர் ஏறியிருக்கிறது. மூன்று வீட்டாரும் சொல்வது ஒன்றுதான்: "இப்ப பனலைப் போடுவம், காசு வந்த பிறகு பற்றரியைப் பூட்டுவம்." நானும் 2023இல் அப்படி நினைத்துத்தான் 5 கிலோவாற் போட்டேன். போட்டுத் தந்தவர்களும் எப்பவும் பூட்டலாம் என்றார்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுக்கக் கரண்ட் நின்றதே, அன்று இங்கே நல்ல வெயில். பனல் கொதிக்கிறது, பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேட்டரில் சிவப்பு லைற், மோட்டர் போட வழியில்லாமல் அம்மா வாளியும் கயிறும் தேடுகிறார். அது பழுதில்லை. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சாதாரண இன்வேட்டர் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு எங்கள் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக்கூடாது என்பதற்காக. சரி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பற்றரி விலை கேட்கப் போனபோதுதான், உங்கள் இன்வேட்டரில் பற்றரி கொழுவ இடமே இல்லை, அதைக் கழற்றிவிட்டு பனலையும் பற்றரியையும் சேர்த்துக் கொழுவக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் போடவேண்டும், இல்லாவிட்டால் பற்றரிக்கென்று இன்னொரு இன்வேட்டர் வாங்கவேண்டும் என்றார்கள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!

இப்போது போடுகிறவர்கள் ஹைபிரிட் இன்வேட்டராகவே கேளுங்கள். அதற்கு எந்தப் பற்றரி பொருந்தும், 48 வோல்ற் வகையா அதிக வோல்ற் வகையா என்று எழுத்தில் வாங்குங்கள், ஒன்றுக்குரியது மற்றதற்குச் சரிவராது. பற்றரி வரும்வரை, கரண்ட் நின்றால் ஹைபிரிட்டும் பெரும்பாலும் நின்றுதான் போகும், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வயரிங்கைப் பிறகு பார்ப்போம் என்று மட்டும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் லைற், ஃபான், பிறிட்ஜ், மோட்டர் எல்லாம் ஒரே போர்ட்டில். பற்றரியில் ஓடவேண்டியதைப் பிரிக்க மேசன் வந்து விறாந்தைச் சுவரை மேலிருந்து கீழ்வரை வெட்டினார், பூசின கோடு இன்னும் வேறு நிறத்தில் நிற்கிறது. முதலிலேயே ஒரு குழாயும் சின்னப் போர்ட்டும் வைத்திருந்தால் இந்த வெட்டுக்கொத்து வந்திராது.

51.2 வோல்ற் (இதுவும் 48 வோல்ற் வகைதான்), 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி என்றால் சுமார் 5 யூனிற். 60 வாற் ஃபான் இரண்டு 8 மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிற்தான், லைற்றும் பிறிட்ஜும் சேர்ந்தாலும் இரவு தாங்கும். மோட்டர்தான் சிக்கல், இழுக்கத் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கேட்கும். அதுவும் பற்றரியில் ஓடவேண்டுமென்றால் இன்வேட்டர் வாங்கும்போதே சொல்லவேண்டும். பற்றரிக்கு இடம் பார்க்கும்போது தகரக் கூரைக்குக் கீழேயும் மேற்கு வெயில் படும் சுவரிலும் வேண்டாம், சூட்டில் அதன் ஆயுள் குறையும்.

சோலர் பூட்டித் தருகிறவர்களிடம் ஒரு கேள்வி: விலைப்பத்திரத்தில் "பற்றரி பிறகு பூட்டலாம்" அல்லது "பூட்டமுடியாது" என்று ஒரு வரி எழுத என்ன தடை?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில்