எந்த நிலத்தில் விளைந்தது என்று கேளுங்கள்: கொள்முதல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெப்பமண்டல நாடுகளிலிருந்து பாமாயில், சோயா, கோக்கோ, ரப்பர், மாட்டிறைச்சி, மரம் ஆகியவற்றை வாங்கும் நிறுவனங்களின் கொள்முதல் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இதை அரசுகளுக்கு எழுதியிருக்கலாம். அவர்களுக்குப் பலர் எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், வெட்டிய நிலத்தில் விளைவதை வாங்க ஆள் உண்டு என்று தெரிந்த பிறகுதான் பெரும்பாலான மரங்களில் ரம்பம் படுகிறது என்பதே. அந்த ஆள் நீங்கள்தான். நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. விலை, தரம், வந்து சேரும் தேதி என்று மூன்றையும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: இது எந்த நிலத்தில் விளைந்தது?

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு மரத்திலிருந்து சொல்கிறேன்.

அமேசானில் காடழித்த இடங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேய்ச்சல் நிலம். நடுவே ஒற்றை மரம், பத்து பதினைந்து மாடி உயரத்துக்குக் கிளை விரித்து நிற்கும். அது பிரேசில் கொட்டை மரம். அதை வெட்டப் பிரேசில் நாட்டில் சட்டப்படி தடை உண்டு. அதனால் சுற்றியிருந்த காட்டை அழித்தவர்கள் அதை மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

அந்த மரத்தின் பூவுக்கு மேலே கனத்த மூடிபோல ஒரு பகுதி மடிந்திருக்கும். அதைத் தள்ளித் திறந்து உள்ளே போகப் பெரிய, பலமான தேனீக்களால்தான் முடியும். அந்தத் தேனீக்களுக்கு ஆண்டு முழுவதும் வேறு பூக்கள் வேண்டும், கூடு வைக்க இடம் வேண்டும்; இரண்டையும் தருவது காடு. காய் விழுந்த பிறகு அடுத்த சிக்கல். அதன் ஓடு கல் மாதிரி இருக்கும். அதைக் கொறித்துத் திறப்பது அகூட்டி என்ற சிறு விலங்கு. தின்றது போக மீதி விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும். அது மறந்துபோன விதைகள்தான் முளைத்து மரமாகின்றன. காடு போனபின் தேனீ அருகிவிடுகிறது, அகூட்டி வெட்டவெளிக்கு வருவதில்லை. தப்பித்தவறி முளைப்பதையும் மாடு மிதித்துவிடும். தாய் மரம் மட்டும் இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடு நிற்கும், தனக்குப் பின் ஒரு கன்றுமில்லாமல்.

இந்த நிலத்தைப் பற்றி ஒரு கோப்பில் 'தடை செய்யப்பட்ட மரங்கள் வெட்டப்படவில்லை' என்று எழுதலாம். அது பொய்யில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்த மாதிரி உண்மைகள்தான்.

வெப்பமண்டல மழைக்காடுகள் பூமியின் நிலப்பரப்பில் 7 சதவீதம்கூட இல்லை. ஆனால் நிலத்தில் வாழும் உயிரின வகைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் முதல்நிலைக் காடு, அதாவது பெரிதாக வெட்டப்படாமல் இருந்த பழங்காடு, வெப்பமண்டலத்தில் அழிந்தது. நிமிடத்துக்கு 18 கால்பந்து மைதானம். முந்தைய ஆண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த ஆண்டு அழிவுக்குப் பெரிய காரணம் தீ. சரி, அது வறட்சியின் வேலை என்று சொல்வீர்கள். வறட்சியும் இருந்தது. ஆனால் ஈரமான மழைக்காடு தானாகப் பற்றிக்கொள்வது மிக அரிது. வெட்டித் திறந்துவிட்டதால் உள்ளே வெயிலும் காற்றும் புகுந்து காய்கிறது. அப்புறம் நிலத்தைத் துப்புரவாக்க யாரோ வைத்த தீ எல்லை தாண்டுகிறது.

தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது, அங்கேயும் பறவைகள் வருகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் நடந்த பல கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. பழங்காட்டில் பதிவான உயிரின வகைகளில் சராசரியாக 15 சதவீதம்தான் தோட்டத்திலும் இருந்தன. நடுவில் காட்டுத் திட்டுகளை விட்டுவைத்திருக்கிறோம் என்று சில நிறுவனங்கள் பெருமையாகச் சொல்கின்றன. திட்டு என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே, தாமஸ் லவ்ஜாய் என்ற உயிரியலாளர் தொடங்கிய ஆய்வு 1979 முதல் நடக்கிறது. 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் காட்டைத் துண்டாக நிறுத்தி, உள்ளே நடப்பதை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். 100 ஹெக்டேர் திட்டுகளில்கூடக் காட்டின் கீழ்த்தளத்தில் வாழும் பறவை வகைகளில் பாதி, 15 ஆண்டுகளுக்குள் காணாமல் போயின. யாரும் அவற்றைச் சுடவில்லை. அந்த மரங்களையும் வெட்டவில்லை. நூறு மீட்டர்கூட இல்லாத ஒரு வெட்டவெளியைக் கடக்க மறுக்கும் பறவைகள் அவை. திட்டைச் சுற்றி வெளி வந்ததே போதுமாக இருந்தது.

மரத்திருட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயிருக்காகக் காட்டை அழிப்பது வேறு, கள்ளத்தனமாக மரம் வெட்டுவது வேறு என்று இரண்டு அறிக்கைகளாக எழுதுகிறோம். காட்டில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் விலை உயர்ந்த ஒரு சில மரங்களுக்காக ஒருவன் பாதை போடுகிறான். அமேசானில் நடந்த காடழிப்பில் 95 சதவீதம் சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ நடந்ததாக 2014இல் கணக்கிட்டார்கள். அந்தப் பாதையில் வேட்டைக்காரன் வருகிறான், நிலம் பிடிப்பவன் வருகிறான், கடைசியில் பயிர் வருகிறது. போர்னியோவில் 1999 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் குறைந்தன. எண்ணிக்கையில் பெரும்பகுதி காடு முற்றாக அழிந்த இடங்களில் குறையவில்லை. மரங்கள் இன்னும் நின்ற, ஆனால் ஆள் நுழைந்துவிட்ட காடுகளில் குறைந்தது. ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கு அது. ஒரு தாயைக் கொன்றால் எத்தனை ஆண்டுகளைக் கொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த பெருமரத்தின் பொந்தில்தான் அது கூடு வைக்கும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இருக்க, ஆண் பறவை சிறு துளை வழியாக ஊட்டும். அவ்வளவு பெரிய பொந்து விழ மரத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகலாம். மரத்திருடன் முதலில் தேடுவதும் முதிர்ந்த பெருமரங்களைத்தான். ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரம் போனால் செயற்கைக்கோள் படத்தில் காடு அப்படியே இருப்பதாகத் தெரியும். இருவாச்சிக்கு வீடு இருக்காது.

உலகில் விற்பனையாகும் மரத்தில் 15 முதல் 30 சதவீதம் சட்டவிரோதமாக வெட்டப்பட்டது என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் இன்டர்போலும் 2012இல் மதிப்பிட்டன. மழைக்காடு உள்ள முக்கிய நாடுகள் சிலவற்றில் அது பாதியையும் தாண்டுகிறது. இதெல்லாம் இரவில் கடத்தப்படும் மரம் என்று எண்ணிவிடாதீர்கள். நிறைய மரம் முறையான காகிதத்தோடுதான் உங்கள் கிடங்குக்கு வருகிறது. பிரேசிலில் இப்பே என்ற விலை உயர்ந்த மரத்துக்கு அது எப்படி நடக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அனுமதி வாங்கும் நிலத்தில் உண்மையில் இருப்பதைவிட அதிக மரம் இருப்பதாகக் கணக்கெழுதுகிறார்கள். அந்த இல்லாத மரங்களின் அனுமதி, பழங்குடிகள் நிலத்திலோ பூங்காவிலோ திருடிய மரத்துக்குப் போர்வையாகிறது. மாட்டுக்கும் இதே வித்தைதான். காடழித்த பண்ணையில் கன்று வளரும். அறுப்புக்கு முன் சுத்தமான ஆவணம் உள்ள இன்னொரு பண்ணைக்கு மாறும். கடைசிப் பண்ணையை மட்டும் விசாரிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

ஆகவே நேரடி சப்ளையரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைப்பது விசாரணை ஆகாது.

2010இல் நுகர்பொருள் துறையின் பெரிய நிறுவனங்கள் கூடி, 2020க்குள் தங்கள் கொள்முதலால் நிகரக் காடழிப்பு (அழிந்த காட்டிலிருந்து புதிதாக வளர்ந்ததைக் கழித்த கணக்கு) இல்லாமல் செய்வோம் என்று உறுதி கொடுத்தன. 2014இல் காடழிப்பை நிறுத்துவது பற்றிய நியூயார்க் பிரகடனம் வந்தது, அதிலும் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. 2020 வந்தது, போனது. சொன்னது நடக்கவில்லை. உங்களில் சிலர் அப்போதே இந்த வேலையில் இருந்திருப்பீர்கள். அந்தப் பத்தாண்டுகள் ஏன் வீணாயின என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்: உறுதி தலைமை அலுவலகத்தில் இருந்தது, கொள்முதல் ஒப்பந்தத்தில் இல்லை.

ஒப்பந்தத்தில் ஏறியபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2006இல் அமேசானில் புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்கமாட்டோம் என்று பெரிய வியாபாரிகள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அங்கே விரிந்த சோயா பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் நேரடியாகக் காட்டை அழித்து வந்தது. 2014 வாக்கில் அது ஒரு சதவீத அளவுக்கு இறங்கியது. சோயா விளைச்சல் குறையவில்லை; ஏற்கெனவே வெட்டவெளியாகக் கிடந்த நிலத்துக்கு நகர்ந்தது. அரசும் அதே காலத்தில் செயற்கைக்கோள் கண்காணிப்பையும் அபராதங்களையும் கடுமையாக்கியது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த பிரேசில் அமேசான் காடழிப்பு 2012இல் 4,571ஆகக் குறைந்தது. குறையும் உண்டு: உடன்பாடு அமேசானுக்கு மட்டும் என்பதால் பக்கத்தில் இருக்கும் செராடோ என்ற புல்வெளிக் காடு தொடர்ந்து உழப்பட்டது. ஆனாலும் வாங்குபவர்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லாதீர்கள். எண்ணெய்ப்பனைக் குலை வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெடும். எனவே ஆலையின் பெயர் தெரிந்தாலே, பழம் எந்த வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். அந்த வட்டாரத்தில் எப்போது எந்தக் காடு போனது என்பதை யாரும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். சுமத்ராவின் லூசர் பகுதியை ஒட்டிய ஆலையா என்பதை அறிய ஒரு பிற்பகல் போதும். யானை, புலி, காண்டாமிருகம், ஒராங்குட்டான் நான்கும் ஒரே காட்டில் வாழும் கடைசி இடம் அது.

பாமாயிலை நிறுத்திவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயைச் சோயாவில் எடுக்கப் பல மடங்கு நிலம் வேண்டும். விலகி ஓடினால் அழிவு வேறு காட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சிறு விவசாயிகளைக் கைவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. உலகக் கோக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள். புதிதாகத் திருத்திய காட்டு மண்ணில் முதல் சில ஆண்டுகள் உரமில்லாமலே நன்றாகக் காய்க்கும். பழைய தோட்டம் நோயில் விழும்போது, அதைப் புதுப்பிக்கக் கையில் பணமில்லாதவர் அடுத்த காட்டைத்தான் பார்ப்பார். ஐவரி கோஸ்ட்டில் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள்ளேயே கோக்கோ நுழைந்தது இப்படித்தான். அவரிடம் போய் ஜிபிஎஸ் வரைபடம் கொண்டு வா, இல்லையென்றால் வாங்கமாட்டேன் என்பது அநியாயம். வரைபடம் எடுக்கும் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். பழைய மரத்தைப் பிடுங்கிப் புதுக்கன்று நடும் ஆண்டுகளைத் தாங்குகிற விலை கொடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ஏழு வகைப் பொருள்களை அங்கே விற்க முடியாது. விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைக் காட்ட வேண்டும். அதை நடைமுறைப்படுத்துவது இருமுறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டவர்களில் வாங்கும் நிறுவனங்களும் இருந்தன. வேறு சில நிறுவனங்கள், நாங்கள் தயார், தள்ளாதீர்கள் என்று சொன்னதும் நடந்தது. நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை என்று மட்டும் தெரியும்.

சிகோ மெண்டிஸ் பிரேசிலின் அமேசான் காட்டில் ரப்பர் பால் எடுத்த தொழிலாளி. காடு நின்றாலே தங்கள் பிழைப்பு நடக்கும் என்றார். குடும்பம் குடும்பமாக மக்களைத் திரட்டி, காடு வெட்ட வந்த கூட்டத்தின் முன்னால் போய் நின்றார். 1988 டிசம்பர் 22 அன்று தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகும் இந்தக் காடுகளுக்காக நின்றவர்கள் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். நான் கேட்பது அவ்வளவு பெரிய தியாகமில்லை. ஒரு மின்னஞ்சல், ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு.

அடுத்த காலாண்டுக்கான ஒப்பந்தங்களில், பொருள் விளைந்த நிலம் எது, அது 2020 டிசம்பர் 31 அன்று காடாக இருந்ததா என்ற கேள்வியைச் சேருங்கள். மாடென்றால் பிறந்த பண்ணை வரை, மரமென்றால் அடிக்கட்டை நிற்கும் இடம் வரை பதில் வேண்டும் என்று எழுதுங்கள். பதில் தர முயல்பவருக்கு அவகாசமும் பணமும் கொடுங்கள். மறைப்பவரிடம் வாங்குவதை நிறுத்துங்கள். நீங்கள் வாங்கும் ஆலைகள், அறுப்புக்கூடங்கள், மர அறுவை மில்கள் ஆகியவற்றின் பட்டியலைப் பொதுவெளியில் வையுங்கள்.

பட்டியல் வெளிவந்த அன்றே அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வரைபடத்தில் தேடிப் பார்ப்பேன். தவறு கண்டால் உங்களுக்கு மறுபடியும் எழுதுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் விற்பதை வாங்கும் ஒருவர்