அதே மலையில் சரிவு குறைந்த இடம் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிச்சறுக்கில் யாரேனும் உயிரிழந்த செய்தி தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம், அடுத்த சில நாட்களில் வரும் வாசகர் கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைக் கவனித்து வருகிறேன். உயிரைப் பணயம் வைத்து ஆடும் விளையாட்டு எதற்கு, பேசாமல் வீட்டில் இருக்கக் கூடாதா என்பது ஒரு கட்சி. சாலையில் போகிறவனுக்குச் சாவு வராதா, பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே போனவன் கொடுத்துவைத்தவன் என்பது மறு கட்சி. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் பனிச்சரிவில் நண்பர் ஒருவரைப் பறிகொடுத்தவன் நான்; துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமிருந்து இந்த இரண்டு பேச்சையும் மாறிமாறிக் கேட்டவன். இரண்டுமே கணக்கைப் பாதியில் மூடிவைத்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

அன்று நாங்கள் மூவர். லிஃப்ட்டும் காவல் பணியாளர்களும் உள்ள சறுக்குத் தளத்தை விட்டு விலகி, சறுக்குப் பலகைகளின் அடியில் வழுக்காத பட்டைகளை ஒட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடந்து ஏறியிருந்தோம். காலையில் வந்த அறிக்கையில் பனிச்சரிவு அபாயம் 5-இல் 3 என்று போட்டிருந்தது. நாங்கள் இறங்குவதற்காக நின்ற மலைமுகத்தில் முந்தைய நாள் யாரோ நால்வர் இறங்கிய தடங்கள் அப்படியே கிடந்தன; அவற்றைப் பார்த்ததும் மூவருக்குமே மனம் லேசானது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நண்பர் முதலில் இறங்கினார். மூன்றாவது திருப்பத்தில், தரைக்கு அடியில் எங்கோ ஒரு கனத்த கதவு சாத்தப்பட்டதுபோல் ‘தொம்’ என்று ஒரு சத்தம். அவருக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. பிறகு அந்த முகம் முழுவதும் பாளம்பாளமாக உடைந்து நகர்ந்தது.

எங்களிடம் எல்லாக் கருவிகளும் இருந்தன. பீக்கன் என்று நாங்கள் சொல்லும் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் விடாமல் சமிக்ஞை அனுப்பும்; தேடுகிறவர் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டால், புதைந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைத் திரை காட்டும். 38, 21, 9 என்று இறங்கிவந்த எண் கடைசியில் 1.1-இல் நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை, அந்த 1.1 மீட்டரும் ஆழம். மடக்குக் கம்பியை விரித்துக் குத்தினோம். வெறும் பனியில் கரகரவென்று இறங்கும் கம்பி, உடலில் பட்டால் ரப்பரில் பட்டதுபோல் மெத்தென்று நிற்கும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள், அப்படித்தான் நின்றது. தோண்டுவதுதான் நேரத்தைத் தின்றது. நின்றுபோன பனிச்சரிவின் பனி சிமெண்டைப் போல இறுகிவிடும்; ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஒருவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ளிப் போட வேண்டியிருக்கும். நண்பரின் முகத்தை எட்ட எங்களுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று.

அதன் பிறகு நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவருடைய பீக்கனை அணைக்க வேண்டியிருந்தது; அது ஒலித்துக்கொண்டே இருந்தால் அங்கே வேறு யாரையாவது தேட நேரும்போது குழப்பும். கையுறையைக் கழற்றிவிட்டு அவர் மார்பில் கட்டியிருந்த கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அணைவதற்கு முன் பேட்டரி 84 சதவீதம் இருப்பதாக அது காட்டியது.

‘பிடித்ததைச் செய்யும்போதே போனார்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் என்னால் தலையாட்ட முடியாததற்கு இதுவே காரணம். அவருக்குப் பிடித்தது அந்த மூன்றாவது திருப்பத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பனிக்குள் நடப்பது வேறு: வெளிவிடும் மூச்சின் வெப்பத்தில் முகத்தைச் சுற்றியுள்ள பனி உருகி, மறுபடி உறைந்து, காற்றுப் புகாத கூடாகிவிடுகிறது, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கிறது. முழுவதும் புதைந்தவர்களில் முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் பிழைப்பவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். எங்கள் இருபது நிமிடங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தன. அந்த நேரத்தைப் பற்றி அவருக்குப் பிடித்தமான காரியம் என்று பேசுவது, சொல்கிறவருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

(இருபது ஆண்டுப் பழக்கத்தில் அவரை நான் ஒருநாளும் ‘அவர்’ என்று சொன்னதில்லை. அச்சில் வரும் கடிதம் என்பதால் எழுதுகிறேன், படித்தால் சிரித்திருப்பான்.)

இனி முதல் கட்சியின் பேச்சுக்கு வருகிறேன். பனிச்சறுக்கு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு அபாயமுள்ள பல காரியங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அவர்கள் கருதுவதில்லை. பராமரிக்கப்படும் தளத்தில், லிஃப்ட்டில் ஏறிச் சறுக்கி இறங்குபவர்களிடையே உயிரிழப்பு என்பது பத்து லட்சம் சறுக்கு நாட்களுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. அங்கே இறப்பவர்களில் பெரும்பாலோர் வேகமாக வந்து மரத்திலோ வேறொன்றிலோ மோதியவர்கள். வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதும், முன்னால் கீழே செல்பவருக்கு மேலேயிருந்து வருபவரே வழிவிடுவதும் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து நடத்தை விதிகளில் அடக்கம். அவற்றை மதித்தாலே இந்த அபாயத்தில் பெரும்பங்கு குறையும். ஹெல்மெட் தலைக்காயத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. ஆனால் சறுக்கு ஹெல்மெட்டைச் சோதிக்கும் மோதல் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுதான், சாதாரணமாகச் சறுக்குபவரே 40-ஐ எளிதில் தொட்டுவிடுகிறார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

தளத்தின் எல்லைக்கயிற்றைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. அங்கேயும் அபாயம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. ஆட்களைப் புதைக்கும் பாளப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைச்சரிவுகளில்தான் நிகழ்கின்றன. அதற்குக் குறைந்த சாய்வில் பாளம் நழுவ ஈர்ப்பு போதாது. அதற்கு மேற்பட்ட செங்குத்தில் பனி குவிவதற்கு முன்பே சிறுகச் சிறுக உதிர்ந்துவிடும். பத்தில் ஒன்பது மரணங்களில், உயிரைக் குடித்த பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது புதைந்தவரோ அவருடைய குழுவினரோதான். இடியைப் போலத் தானாக வந்து விழும் விதி என்று இதைச் சொல்ல முடியாது. எந்தச் சாய்வில் கால் வைப்பது என்பதை ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால்தான் மற்றவை.

அபாய அளவுகோலில் 3 என்ற எண்ணைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் 1993 முதல் நடைமுறையில் உள்ள இந்த அளவுகோலில் 5 படிகள் உள்ளன. பள்ளிக்கூட மதிப்பெண் பார்த்து வளர்ந்த நம் மனம், ஐந்தில் மூன்று என்றதும் ‘நடுத்தரம், சமாளிக்கலாம்’ என்று படித்துக்கொள்கிறது. அளவுகோலோ அப்படிச் சமமாக ஏறுவதில்லை. ஒவ்வொரு படிக்கும் அபாயம் மடங்காகப் பெருகுகிறது. 4, 5 என்று போட்ட நாட்களில் பெரும்பாலானோர் தாமாகவே அடங்கி இருக்கிறார்கள். 3 என்று போட்ட நாளிலோ வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி மின்னும், கால் நிற்காது. பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழ பாதி இந்த மூன்றாம் படி நாட்களில்தான் நிகழ்கின்றன.

அனுபவம் இதிலிருந்து காப்பாற்றும் என்று நானும் நம்பியிருந்தேன். அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கம்மன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசியபோது, பயிற்சி பெற்றவர்களும் பழகிய இடம், மற்றவர்களின் தடம், குழுவில் மூத்தவர் மேலுள்ள நம்பிக்கை போன்ற குறுக்குவழிகளில் மனத்தை விட்டுக் கண்முன் இருந்த எச்சரிக்கைகளைத் தாண்டிச் சென்றிருப்பது தெரியவந்தது. எங்கள் முன் கிடந்த நான்கு தடங்களை நினைத்துக்கொள்கிறேன். நால்வர் போன பிறகும் தாங்கிய சரிவு ஐந்தாமவரைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அடிப்பனியின் பலவீனமான இடத்தில் அந்த நால்வரும் மிதிக்காமல் போயிருக்கலாம், அவ்வளவுதான். பனியைப் போல மோசமான வாத்தியார் கிடையாது. தப்பாகப் போட்ட கணக்குக்கும் பத்தொன்பது முறை முழு மதிப்பெண் கொடுத்துவிடும். நாம் அதைத் திறமை என்று எழுதிவைத்துக்கொள்கிறோம்.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். முதுகுப்பையிலிருந்து காற்றூதி விரிந்து, ஆளைப் பனியில் புதையாமல் மேலே நிறுத்த உதவும் பைதான் ஏர்பேக். பனிச்சரிவில் சிக்கியவர்களிடையே, விரிந்த ஏர்பேக் இறப்பை 22 சதவீதத்திலிருந்து 11-ஆகக் குறைப்பதாக 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. பாதி என்பது பெரிய உதவிதான். மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. நெதர்லாந்து அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் யோஹான் ஃப்ரீசோ, 2012 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் லெஹ் பகுதியில், அபாயம் 4 என்று அறிவிக்கப்பட்டிருந்த நாளில் தளத்துக்கு வெளியே சறுக்கிப் புதைந்தார். உடன் சென்றவர் ஏர்பேக்கினால் தப்பினார். ஏறத்தாழ 25 நிமிடங்களுக்குப் பிறகு மீட்கப்பட்ட இளவரசர் நினைவு முழுமையாகத் திரும்பாமலே இருந்து 2013 ஆகஸ்டில் இறந்தார். கருவி வாங்கியதால் கிடைத்த தைரியத்தில் இன்னும் சாய்வான இடத்துக்குப் போனால், வாங்கியதன் பயன் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இப்படியெல்லாம் தெரிந்தும் ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, கிடைப்பது என்ன என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதிக் கணக்கு எழுதியவனாவேன். விடிவதற்கு முன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், முன்னால் போகிறவரின் பலகை பனியில் உரசும் ஒலியைத் தவிர வேறெதுவும் கேட்காமல் ஏறுவது. முட்டளவு பொடிப்பனியில் உடலின் எடை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறும் அந்த அரை நொடியில் மனத்தில் எதுவுமே ஓடாமல் இருப்பது. இவற்றை வேறெங்கும் நான் பெற்றதில்லை. நண்பருக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிவின் அடிக்கு வந்ததும் திரும்பி நின்று, தான் போட்ட வளைவுகளைப் பார்ப்பார்; கையெழுத்துப் போட்டியில் எழுதி முடித்த பிள்ளை தாளைத் தூக்கிப் பார்ப்பதுபோல். ஒரு வளைவு கோணலாக விழுந்திருந்தால் இன்னொரு முறை ஏறலாமா என்பார். எங்கள் நட்பு பெரும்பாலும் அப்படி ஏறிய வேளைகளில் பேசியதும் பேசாமல் நடந்ததும்தான். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குபவர்கள், எதை விடச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்கிறார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவருடைய மனைவி என்னை வரச் சொன்னார். பனிச்சறுக்கு தெரியாதவர், ஒருமுறைகூடப் பலகையில் ஏறியதில்லை. குற்றம் சாட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்: “அண்ணா, அதே மலையில் சரிவு குறைந்த இடம் இல்லையா?”

இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருநூறு மீட்டர் இடப்பக்கம், காட்டை ஒட்டி இறங்கும் அகலமான முதுகு. வரைபடத்தில் பார்த்தால் 25 டிகிரியைத் தாண்டாது, மேலே அதற்குத் தலைக்கு மேல் தொங்கும் சரிவும் இல்லை. அதே பனி, அதே வெயில், அதே மூவர். நாங்கள் இறங்கிய முகம் 36 டிகிரி. அவர் திரும்பிப் பார்த்து ரசிக்கும் வளைவுகளை இரண்டு இடத்திலும் போட்டிருக்கலாம். கூடுதலான 11 டிகிரியில் கிடைத்திருக்கக்கூடியது கொஞ்சம் வேகமும், மாலையில் சொல்லிக்கொள்ள ஒரு பேச்சும். அந்தப் பதினொன்றின் விலையை நாங்கள் மூவரும் கட்டவில்லை. அதைக் கட்டிக்கொண்டிருப்பவர் எதிரே உட்கார்ந்து என் பதிலுக்குக் காத்திருந்தார். “இருந்தது, அம்மா” என்றேன்.

விளையாட்டு உயிருக்கு ஈடாகுமா என்று இரு கட்சியும் வாதிடுவதை இதனால்தான் வெறும் பேச்சு என்கிறேன். அன்று எங்கள் முன் அந்தக் கேள்வி இருக்கவே இல்லை. இடப்பக்கமா, நேராகவா என்பதுதான் இருந்தது. அதை நாங்கள் வாய்விட்டுக்கூடப் பேசவில்லை. ஓராண்டு பலகையைத் தொடாமல் இருந்துவிட்டுச் சென்ற குளிர்காலத்தில் மறுபடி போகத் தொடங்கினேன். 3 என்றால் 30 டிகிரிக்குக் கீழேயும் மேலே சரிவு தொங்காத இடத்திலும் மட்டும். 4 என்றால் தளத்துக்குள்ளேயே. இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிடுகிறேன். மேலே போய் நின்று, வெயிலில் மின்னும் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுப்பதில்லை. குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்புகிறோம். இதனால் சில நல்ல இறக்கங்கள் கைவிட்டுப் போயின. அவற்றில் இரண்டில் மற்றவர்கள் பாதுகாப்பாக இறங்கியதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்தது.

இப்போது நண்பரின் மகனுக்குப் பதினைந்து வயது. என்னுடன் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். அவன் அம்மா நெடுநாள் யோசித்துவிட்டு, தளத்துக்குள் மட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைய அறிக்கையின் எண்ணை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. பையன் அப்பாவின் பலகைகளையே கேட்கிறான். நீளம் அவனுக்குச் சற்று அதிகம், ஆனாலும் சமாளிப்பான். காலணியைப் பிடித்திருக்கும் பைண்டிங்கை மட்டும் அப்படியே விட முடியாது. அது 82 கிலோ எடையுள்ள, கைதேர்ந்த ஒருவருக்காக இறுக்கி வைக்கப்பட்டது. 54 கிலோ பையன் விழுந்தால் கழன்று கொடுக்காமல் காலை முறித்துவிடும். வரும் சனிக்கிழமை அவனையும் அவன் காலணியையும் கடைக்கு அழைத்துப்போய், எடையும் உயரமும் சொல்லி, அதை அவனுக்கு ஏற்றபடி தளர்த்தி வாங்கி வர இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்