நிக்கல் விலையை ஏற்றுவது தடையா, பயமா?

ஐயா,

ரஷ்ய உலோகங்கள் மீதான மேற்கத்தியத் தடையால் நிக்கல் விலை ஏறும் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தடையைவிட, தடை வந்துவிடுமோ என்ற பயம்தான் சந்தையை அதிகம் ஆட்டிவைக்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்ய நிக்கலுக்கு நேரடித் தடை எதுவுமில்லை. ஆனாலும் 8ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் விலை டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டியது. அன்றைய வர்த்தகத்தையே ரத்து செய்தார்கள். (விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிய சீன நிறுவனம் ஒன்று மாட்டிக்கொண்டு, ஏறிய விலைக்கே நிக்கலை வாங்க வேண்டி வந்ததும் அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம்.) 2024 ஏப்ரலில் அமெரிக்காவும் பிரிட்டனும் புதிதாக உற்பத்தியாகும் ரஷ்ய நிக்கலை உண்மையாகவே லண்டன் உலோகச் சந்தைக்கு வெளியே நிறுத்தின. அப்போது விலை அப்படி வெடிக்கவில்லை. ஆண்டு முடிவில் விலை 16,000 டாலருக்கும் கீழே. உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் தரும் இந்தோனேசியா சரக்கைக் கொட்டிக்கொண்டிருந்ததே காரணம்.

எவர்சில்வர் பாத்திரப் பட்டறை நடத்துபவன் நான். எங்கள் 304 ரகத் தகட்டில் சுமார் 8 சதவீதம் நிக்கல். அந்த மார்ச்சில் தகடு வியாபாரி காலையில் சொன்ன விலையை மாலையில் மறுத்துவிட்டார். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு முன்பே விலை பேசிய அண்டாக்களைக் கைநட்டத்தில்தான் செய்து கொடுத்தேன். சரி, தனியார் வேலையை விடுங்கள். அரசு ஒப்பந்தங்களிலாவது, சிறியவை உட்பட, நிக்கல் விலைக்கேற்பத் தொகையைத் திருத்தும் விதியைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்