உள்ளே போகும் முன் ஒரு மிஸ்டு கால் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போன் செய்து, "அப்பா, நீங்க போற அந்தக் கூட்டம் சென்னையிலயும் இருக்கா?" என்று கேட்டாய். நீ கேட்டது ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம். "இருக்குப்பா" என்றேன். அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அம்மா கொடுத்த காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாய். அப்படியும் வாய்க்குப் போகும் முன் சட்டையில் சிந்தியது. திரும்பி நின்று துடைத்துக்கொண்டாய். அந்த நடுக்கம் எனக்குப் பழக்கம். நான் குடித்த கடைசி சில வருஷம் நானாகச் சவரம் செய்துகொண்டதே இல்லை, சலூனுக்குத்தான் போவேன். ஏன் என்று இப்போது உனக்குப் புரியும். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலமெல்லாம் குடித்துக் கிடந்தவன் எந்த முகத்தோடு கேட்பது என்று இருந்துவிட்டேன். மன்னித்துவிடு.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டரைப் பார். வீம்பாக நாளைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதே. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாத உருவமெல்லாம் தெரியலாம். உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அந்தப் பழக்கத்திலிருந்து உடம்பைப் பக்குவமாக இறக்குவார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். இல்லையென்றால் இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல் தொடங்கியது அது. எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 14446க்குப் போன் செய், காசு கிடையாது.

'தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று சொல்லி விற்கும் பொடி பக்கம் மட்டும் போய்விடாதே. அம்மா பாவம், சுவரில் விளம்பரம் பார்த்து வாங்கிக் குழம்பில் கலந்துவிட்டாள். அதில் என்ன இருந்ததோ, அன்று குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, மயங்கி விழுந்தேன். நிறுத்தவில்லை. அவள் வைத்த சோற்றைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

நான் நாலு தடவை மாலை போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். 48 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டேன். மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே கடையில் நிற்பேன். சாமியைக் குறை சொல்லவில்லை. 49வது நாள் என்ன செய்வதென்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆளைத்தான் ஏ.ஏ. கூட்டத்தில் பார்த்தேன். சர்ச் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை. மூன்று தடவை கேட்டைத் தாண்டி நடந்துவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு, நாலாவது தடவைதான் உள்ளே போனேன். வாசலில் பத்துப் பதினைந்து ஜோடி செருப்பு. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சு, சுவரில் வாய்ப்பாடு. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். குவார்ட்டர் பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்ததைச் சொன்னார். என் பாட்டில் அந்த நேரம் நம் வீட்டு அரிசி டிரம்மில்தான் இருந்தது.

யாரும் முகவரி கேட்க மாட்டார்கள், பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். முடிவில் ஒரு பை சுற்றி வரும், முதல்நாள் நீ எதுவும் போட வேண்டாம். பேசச் சொன்னால், "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிடு. சாமி பேச்சு வரும், உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார். ஏ.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்கள் இருக்கின்றன. சென்னையில் தமிழ்க் குழுவும் உண்டு, ஆங்கிலக் குழுவும் உண்டு. தமிழிலேயே போ, அழுகை தமிழில்தான் வரும். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் வேறொன்றுக்குப் போய்ப் பார்.

ஒன்று சொல்ல வேண்டும். 1935ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் பில் என்பவர் ஒரு ஓட்டலில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே குடிக்கிற பார் ஒன்று இருந்தது. உள்ளே போய்விடுவோமோ என்ற பயத்தில், தன்னைப் போல இன்னொரு குடிகாரனிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். ஏ.ஏ. பிறந்ததே அந்தச் சந்திப்பில்தான். தேடிப் போனவருக்கும் ஆள் தேவைப்பட்டது தம்பி. நீ போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால், பத்து வருஷம் குடிக்காமல் இருப்பவருக்கும் அன்றைய ராத்திரி தாண்டும். அதனால் பிச்சை கேட்கப் போகிறவன் மாதிரி கூனிக் குறுகிப் போகாதே.

ஸ்பான்சராக, அதாவது புதிதாக வருபவருக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் பழைய ஆளாக, என்னைக் கேட்காதே. என்னிடம் நீ பொய் சொல்லுவாய், என் அப்பாவிடம் நான் சொன்ன மாதிரி. அங்கேயே ஒருவரைப் பிடித்துக்கொள். ஆயுசுக்கும் விடுகிறேன் என்று யாருக்கும் சத்தியம் செய்யாதே, அம்மாவுக்கும் கூட. நாங்கள் சொல்வது "இன்று ஒரு நாள் மட்டும்". எனக்குப் பதினோரு வருஷமாக அதே ஒரு நாள்தான்.

புதன்கிழமை சாயங்காலம் எனக்கு இங்கே கூட்டம். நீயும் அங்கே புதன்கிழமைக் கூட்டமாகப் பார்த்துப் போ. செருப்பைக் கழற்றும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நீ பேச வேண்டாம், நானும் எடுக்க மாட்டேன்.

அப்பா