அடாப்டர் பின் பொருந்தினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் பரணிலிருந்து சீரியல் லைட் இறங்கும். அதன் அடாப்டர் மட்டும் காணாமல் போயிருக்கும். உடனே ரவுட்டர் அடாப்டரையோ வேறு எதையோ எடுத்துச் செருகிவிடுகிறார்கள். 5, 9, 12, 24 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றிலும் அதே 5.5 மி.மீ. உருளைப் பின்தான். கச்சிதமாகப் போய் உட்காரும். வம்பே அதில்தான்.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை, அதாவது பட்டை விளக்கை, கிட்டத்தில் பாருங்கள். மூன்று வெள்ளை எல்.இ.டி.க்கு, கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு சிறு கருப்பு ரெசிஸ்டர். எல்.இ.டி. ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட், ரெசிஸ்டர் 120 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர் ஓடும். 15 வோல்ட் கொடுத்தால், கூடுதல் 3 வோல்ட்டும் ஏறக்குறைய முழுதாக ரெசிஸ்டர் தலையில் விழும். வோல்ட் கால் பங்குதான் ஏறியது, கரண்ட் இரண்டு மடங்கு! லேப்டாப்பின் 19 வோல்ட் என்றால் நான்கு மடங்கை நெருங்கும். பளீரென்று எரியும், கொஞ்ச நேரம்.

கனமான பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரில் 12 என்று அச்சிட்டிருந்தாலும், விளக்கு எதுவும் இணைக்காதபோது 16 வரை காட்டும். மல்டிமீட்டரை டி.சி. 20-இல் வைத்து அளந்துவிடுங்கள். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆம்பியர் கணக்கு வேறு. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, குறையத்தான் கூடாது. 5 வோல்ட் பிக்சல் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ளே இருக்கும், நிறம் மாறும் விளக்கு) ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 பிக்சலுக்கு 3 ஆம்பியர். 2 ஆம்பியர் போன் சார்ஜர் சூடாகி மினுக்கும். 4 ஆம்பியராக வாங்குங்கள்.

கடைசி பிக்சல்கள் வெள்ளைக்குப் பதில் சிவந்து தெரிந்தால், மெல்லிய வயரில் வோல்ட் இறங்குகிறது என்று பொருள்; நீலத்துக்குத்தான் முதலில் போதாமல் போகும். எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை பெட்டியின் திருகைத் திருப்பி வோல்ட் ஏற்றுபவர்கள் உண்டு. தொடக்கத்தில் இருக்கும் பிக்சல்கள்தான் அதற்குப் பலி. அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தடித்த வயர் ஒரு ஜோடி இழுத்துக் கடைக்கோடியிலும் கொடுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வோல்ட் அளவை அட்டைப்பெட்டியில் மட்டும் அச்சிடாதீர்கள். பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போய்விடுகிறது. செருகும் முனைக்குப் பக்கத்தில், வயரிலேயே ஒரு ஸ்டிக்கர் சுற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர், மதுரை